இரைச்சலுக்கு யார் பொறுப்பு?

இந்த ஆண்டிதழுக்குக் கட்டுரை கேட்டு வந்த கழகத் தோழி, "கவிதை வேண்டாம், ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது. நீ மின்னியல்தானே படிக்கிறாய்? உன் துறையைப் பற்றி ஏதாவது எழுது" என்றாள். துறையைப் பற்றிப் பொதுவாக எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் தொழிற்பயிற்சியின்போது பத்து வாரங்கள் என்னை விடாமல் துரத்திய ஒரு விஷயம் இருக்கிறது. அதில் எனக்கு ஒரு கருத்து உண்டு; கொஞ்சம் கோபமும் உண்டு. அதையே எழுதுகிறேன்.

விஷயம் மின்னிரைச்சல். காதில் கேட்கும் இரைச்சல் அல்ல. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவியிலிருந்து கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் வெளியேறி, அக்கம்பக்கத்துக் கருவிகளைக் குழப்பும் வேண்டாத மின்னோட்டம். அந்தக் கருவியைப் பாடநூல்கள் மாறுவேக இயக்கி என்ற பொருளில் அழைக்கின்றன. நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் அதற்கு ஒரே பெயர்தான்: இன்வெர்ட்டர். நானும் அப்படியே சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே அடக்க வேண்டும்; அதற்கான செலவை இன்வெர்ட்டர் வாங்குபவரே ஏற்க வேண்டும். பாதிக்கப்பட்ட கருவியை மாற்றிக்கொண்டே இருப்பதும், அதைக் கவனித்துக்கொள்ளும் ஊழியரைக் குற்றஞ்சாட்டுவதும் பொறியியல் ஆகாது.

நான் பயிற்சிக்குச் சென்றது மாவும் மசாலாத் தூளும் பொட்டலமிடும் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். அங்கே மூன்றாவது வரிசையில் 10 கிலோ பைகளை நிரப்பும் எடைத்தொட்டி ஒன்று உண்டு. நான் போய்ச் சேர்வதற்குச் சில வாரங்களுக்கு முன், சீனப் புத்தாண்டு விடுமுறையில், அந்த வரிசையின் காற்றூதி மோட்டாருக்கும் கன்வேயருக்கும் புதிய இன்வெர்ட்டர்களைப் பொருத்தியிருந்தார்கள். மின்கட்டணம் குறைந்தது. அதே வாரத்திலிருந்து எடைத்தொட்டியின் அளவு ஆடத் தொடங்கியது. 50 கிராம் கூடும், 50 கிராம் குறையும். எடை குறைந்த பைகள் கடைகளிலிருந்து திரும்பி வந்தன.

எடைத்தொட்டியைப் பராமரிப்பவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு தமிழர். எல்லாரும் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள். எஸ்டேட்டில் பிறந்தவர்; வயர்மேனாக வேலைக்குச் சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருப்பவர். "நீங்கள் அளவுதிருத்தம் சரியாகச் செய்யவில்லை" என்று சொல்லி அவருக்குக் காரணம் கோரும் கடிதம் கொடுத்திருந்தார்கள். அவர் லோட் செல்லை இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டார். கடிதத்திற்குப் பதிலை மகளை வைத்து மலாயில் எழுதிக் கொடுத்திருந்தார். இதெல்லாம் எனக்கு இரண்டாவது வாரத்தில்தான் தெரிய வந்தது.

நான் முதலில் செய்தது என்ன என்பதை மறைக்கப் போவதில்லை. பல்கலைக்கழகத்தில் சமிக்ஞைச் செயலாக்கம் படித்த தெம்பில், எடை காட்டும் கருவியின் சராசரி எடுக்கும் நேரத்தை 2 வினாடிக்குக் கூட்டினேன். திரையில் எண் அமைதியானது. மேற்பார்வையாளர் என்னைப் பாராட்டினார். மறுநாள் காலை ஒவ்வொரு பையிலும் 100 கிராமுக்கு மேல் மாவு கூடுதலாக விழுந்திருந்தது. எடை நிறைந்துவிட்டது என்று கருவி உணர்வதற்குள் கதவு தாமதமாக மூடியதுதான் காரணம். அதோடு, இரைச்சல் மேலும் கீழும் சமமாக ஆடினால்தான் சராசரி சரியாக வரும். உயர் அதிர்வெண் மின்னழுத்தம் பெருக்கியின் உள்ளே நுழைந்தால் அளவையே ஒரு பக்கமாக நகர்த்திவிடும். எவ்வளவு சராசரி எடுத்தாலும் அந்த நகர்வு அப்படியே நிற்கும். பாதிக்கப்பட்ட இடத்தில் மருந்து போடுவதன் இலட்சணம் இது. நான் என் கையாலேயே செய்து பார்த்துவிட்டேன்.

அங்கிள் என்னைத் திட்டவில்லை. மதிய உணவு நேரத்தில் தம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய சின்ன வானொலியை எடுத்தார். மத்திய அலைக்குத் திருப்பி, எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தி, கேபிள் தட்டின் ஓரமாக நடந்தார். வானொலி கர்ரென்று கத்தியது. தட்டை விட்டு விலகினால் குரல் தேய்ந்தது. காற்றூதி மோட்டாரை நிறுத்தச் சொன்னார். சட்டென்று அமைதி.

"பாரும்மா, மோட்டார் ஓடுனா இது பாடுது, நின்னா ஊமையாயிடுது. லோட் செல்லுல கோளாறு இல்ல. நான் அப்பவே சொன்னேன் லா, யாரு கேட்டா?"

இதைச் செய்ய என் ஆய்வகத்தில் பல்லாயிரம் ரிங்கிட் பெறும் கருவி இருக்கிறது. கம்பி வழியே கடத்தப்படும் இரைச்சலை 150 கிலோஹெர்ட்சிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்க வேண்டும் என்பது அனைத்துலகத் தர விதி. மத்திய அலை வானொலியின் வரம்பு ஏறக்குறைய 530 முதல் 1,600 கிலோஹெர்ட்ஸ் வரை. சரியாக அந்த எல்லைக்குள்தான் விழுகிறது. அங்கிளுக்கு அந்த எண்கள் தெரியாது. ஆனால் இரைச்சல் எங்கிருந்து கிளம்பி எந்த வழியாகப் போகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

இனி, அது ஏன் கிளம்புகிறது என்று பார்ப்போம். நமது மும்முனை மின்சாரம் 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இன்வெர்ட்டர் அதை முதலில் ஏறக்குறைய 565 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. பிறகு ஐ.ஜி.பி.டி. எனப்படும் மின்னணுச் சுவிட்சுகளைக் கொண்டு, வினாடிக்குப் பல ஆயிரம் முறை அதைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. துண்டுகளின் அகலத்தை மாற்றி மாற்றி, மோட்டாருக்குத் தேவையான அலையை உருவாக்குகிறது. நறுக்கும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் ஒரு மைக்ரோ வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் 565 வோல்ட் ஏறுகிறது அல்லது இறங்குகிறது. எல்லாச் சிக்கலும் இந்தச் செங்குத்தான விளிம்பில்தான் பிறக்கிறது.

இடையே காப்புப்பொருள் இருக்கும் எந்த இரண்டு உலோகமும் ஒரு மின்தேக்கிதான். மோட்டாரின் செம்புச் சுருளும் அதன் இரும்புக் கூடும் ஒரு மின்தேக்கி. கேபிளின் உள்கம்பியும் அதன்மேல் போர்த்திய உலோக வலையும் ஒரு மின்தேக்கி. சில மீட்டர் கேபிளிலேயே 1 நானோஃபாரட் சேர்ந்துவிடும். மின்தேக்கத்தை மின்னழுத்தம் மாறும் வேகத்தால் பெருக்கினால் மின்னோட்டம் வரும் என்பது நாம் படிவம் ஆறிலும் முதலாண்டிலும் போட்ட கணக்கு. 565 வோல்ட், 0.1 மைக்ரோ வினாடி, 1 நானோஃபாரட். விடை ஐந்தரை ஆம்பியருக்கு மேல். நொடிப்பொழுதுகூட நிற்காத ஓட்டம்தான். ஆனால் அது ஒவ்வொரு நறுக்கலுக்கும் ஒருமுறை வருகிறது. அப்படி எர்த்துக்குள் பாயும் மின்னோட்டம் அங்கேயே தங்கிவிடுமா?

இங்கேதான் என் தமிழ்ப்பள்ளி ஆசிரியை நினைவுக்கு வந்தார். ஐந்தாம் ஆண்டில் மின்கலம், விளக்கு, இரண்டு கம்பித் துண்டுகள் ஆகியவற்றை மேசையில் வைத்துக்கொண்டு, "மின்சாரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும்; வழி இல்லையென்றால் விளக்கு எரியாது" என்று எங்களுக்கு முழுமையான மின்சுற்றைக் கற்றுக்கொடுத்தார். இன்வெர்ட்டர் இரைச்சல் பற்றிய தடித்த கையேடுகளை எல்லாம் படித்து முடித்தபோது, அந்த ஒரு வாக்கியம்தான் மீண்டும் மீண்டும் வேறு சொற்களில் எழுதப்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றியது. இரைச்சல் மின்னோட்டமும் புறப்பட்ட இன்வெர்ட்டருக்குத்தான் திரும்ப வேண்டும். பக்கத்தில் நல்ல வழி இருந்தால் அதில் போகும். இல்லாவிட்டால் கட்டட இரும்பு, கேபிள் தட்டு, அடுத்தவர் கருவியின் கம்பி, தொழிற்சாலைக்கு வெளியே உள்ள மின்மாற்றி என்று ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு வரும். சுற்றும் வளையம் பெரிதானால் அதுவே வானலைக் கம்பியாகவும் ஆகிவிடும்.

அந்த வழியில் எங்கள் லோட் செல் உட்கார்ந்திருந்தது. அதன் கொள்ளளவு 50 கிலோ. முழுச் சுமைக்கு அது தரும் சமிக்ஞை 20 மில்லிவோல்ட். அப்படியானால் 50 கிராமுக்கு 20 மைக்ரோவோல்ட். 565 வோல்ட் துள்ளும் கேபிளோடு, 20 மைக்ரோவோல்ட்டை நம்பி வாழும் கேபிளை ஒரே தட்டில் முப்பது மீட்டர் படுக்க வைத்துவிட்டு, அளவு ஆடுகிறதே என்று ஒருவருக்குக் கடிதம் கொடுத்தார்கள்.

பேனலைத் திறந்தோம். மோட்டார் கேபிள் கவசக் கேபிள்தான். குத்தகையாளர் அதில் மிச்சம் பிடிக்கவில்லை. ஆனால் கவச வலையைப் பிரித்து, முறுக்கி, 20 சென்டிமீட்டர் வால் போலாக்கி, ஒரு திருகில் மாட்டியிருந்தார். அங்கிள் மல்டிமீட்டரை வைத்தார். சுழியம் ஓம். "எர்த் நல்லா இருக்கு" என்றுதான் எவரும் சொல்வார்கள். ஆனால் நேரான கம்பியின் மின்தூண்டம் மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1 நானோஹென்றி. 20 சென்டிமீட்டருக்கு 200. இது 50 ஹெர்ட்சில் ஓமில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. 10 மெகாஹெர்ட்சிலோ 12 ஓமைத் தாண்டிவிடும். மல்டிமீட்டர் பார்ப்பது முதல் கணக்கை; இரைச்சல் பார்ப்பது இரண்டாவது கணக்கை. வலையை முறுக்காமல், அதன் சுற்றளவு முழுவதும் உலோகத்தைத் தொடும்படி கவ்வியால் பிடித்திருந்தால் இந்தத் தடை பெருமளவு இருந்திருக்காது.

மோட்டார் முனையில் பிளாஸ்டிக் கிளாண்ட் போட்டிருந்தார்கள்; கவசம் அங்கே எதையும் தொடவே இல்லை. பேனலின் பின்தகட்டில் இன்வெர்ட்டர் சாய்ம் பூசிய பரப்பின்மேல் உட்கார்ந்திருந்தது. சாயமும் காப்புப்பொருள்தானே! எல்லாவற்றையும்விட என்னைத் திகைக்க வைத்தது ஒரு சின்னத் திருகு. இன்வெர்ட்டருக்குள்ளேயே ஓர் இரைச்சல் வடிகட்டி உண்டு. அதன் மின்தேக்கிகள் எர்த்திலிருந்து இரைச்சலை இன்வெர்ட்டருக்குள் திருப்பி இழுத்துக்கொள்ளும். ஆசிரியை சொன்ன திரும்பும் வழியே அதுதான். அதை எர்த்தோடு இணைக்கும் திருகைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருந்தார்கள். பொருத்திய அன்று மின்கசிவுத் துண்டிப்பான் அடிக்கடி விழுந்திருக்கிறது. திருகைக் கழற்றியதும் விழவில்லை. வேலை முடிந்தது என்று கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். எர்த்தோடு இணைக்கப்படாத தனி வகை மின்வழங்கலுக்காகவே அந்தத் திருகைக் கழற்ற அனுமதி உண்டு. எங்கள் தொழிற்சாலையின் மின்வழங்கல் அந்த வகையல்ல. இன்வெர்ட்டருக்கு ஏற்ற துண்டிப்பானைத் தேர்ந்தெடுப்பதுதான் முறையான தீர்வு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரிசை நின்றிருந்தபோது, வேலையை ஆரம்பித்தோம். சாயத்தைச் சுரண்டினோம். பேனல் முனையில் கவ்வி, மோட்டார் முனையில் சுற்றிலும் தொடும் உலோகக் கிளாண்ட். கிளாண்ட் ஒன்றின் விலை சில பத்து ரிங்கிட்தான். திருகைப் பழைய இடத்தில் முடுக்கி, துண்டிப்பானை மாற்றினோம். அன்று மாலையே ஆட்டம் 50 கிராமிலிருந்து 10 கிராம் அளவுக்கு இறங்கியது. மறுவாரம் லோட் செல் கேபிளைத் தட்டிலிருந்து எடுத்து 30 சென்டிமீட்டர் தள்ளித் தனிக் குழாயில் விட்டோம். மோட்டார் கேபிளைக் கடக்க வேண்டிய ஓர் இடத்தில் மட்டும் குறுக்காக, செங்கோணத்தில் கடக்க வைத்தோம். பிறகு ஆட்டம் 5 கிராமுக்குள் அடங்கிவிட்டது.

கடைசியாக, நறுக்கும் அதிர்வெண்ணை 12 கிலோஹெர்ட்சிலிருந்து 4 கிலோஹெர்ட்சுக்கு இறக்கினோம். வினாடிக்கு வரும் விளிம்புகள் மூன்றில் ஒரு பங்காகும். எர்த்துக்குக் கசிவதும் குறையும். ஆனால் 4 கிலோஹெர்ட்ஸ் காதுக்கு நன்றாகவே கேட்கும். மோட்டார் கீச்சென்று அழத் தொடங்கியது. பக்கத்து அலுவலகத்திலிருந்து "இரைச்சலைக் குறைக்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கூட்டியிருக்கிறீர்களே" என்று புகார் வந்தது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதன் வினை!

சில நண்பர்கள் கேட்கலாம்: தொழிற்சாலைதானே, கொஞ்சம் இரைச்சல் இருந்தால் என்ன? நியாயமான கேள்வி. இரைச்சலைச் சுழியமாக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். விளிம்பின் செங்குத்தைக் குறைத்தால் சுவிட்சுகள் அதிகம் சூடாகும். பெரிய வடிகட்டிகளுக்கு இடமும் பணமும் வேண்டும். ஐ.இ.சி. 61800-3 என்ற தரமும் இதை ஒப்புக்கொள்கிறது. 2004ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அது இன்வெர்ட்டர் அமைப்புகளை சி1 முதல் சி4 வரை நான்கு பிரிவாக வகுத்து, வீட்டுச் சூழலுக்குரிய சி1 பிரிவுக்குக் கடுமையான எல்லையும், தொழிற்சூழலுக்குரிய சி3 பிரிவுக்குத் தளர்வான எல்லையும் வைத்திருக்கிறது. எங்கள் இன்வெர்ட்டர் சி3. பெட்டியில் அச்சிட்டிருந்தது. ஆனால் அந்தப் பிரிவு பெட்டிக்கு மட்டும் கிடைத்த பட்டம் அல்ல. கையேடு சொல்லும் கவசக் கேபிளோடு, சொல்லும் நீளத்துக்குள், சொல்லும் முறையில் பொருத்தினால்தான் அந்த எல்லை பொருந்தும். முறுக்கிய வாலோடும் கழற்றிய திருகோடும் அது சி3 அல்ல. எந்தப் பிரிவும் அல்ல.

கவசக் கேபிள் போட்டால் கசிவு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கூடும். வலை அருகில் இருப்பதால் மின்தேக்கம் அதிகமாகிறது. ஆனால் கசிந்தது அந்த வலைக்குள்ளேயே வீடு திரும்புகிறது. கசிவைத் தடுப்பதல்ல, அதற்கு வழி கொடுப்பதே முதல் வேலை என்று நான் சொல்வது இதனால்தான். வழி சரியான பிறகும் போதவில்லையென்றால், மூன்று முனைக் கம்பிகளையும் ஒன்றாகச் சேர்த்து ஃபெரைட் வளையத்துக்குள் நுழைக்கலாம். வெளியில் கூடுதல் வடிகட்டி வைக்கலாம். லோட் செல்லின் பக்கம் கை வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. நடைமுறையில் இது தலைகீழாக நடக்கிறது. ஏனென்றால் லோட் செல் மாற்றுவது பராமரிப்புச் செலவு. யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கிளாண்ட் வாங்குவதோ திட்டச் செலவு. விலைப்பட்டியலில் முதலில் வெட்டப்படுவது அதுதான்.

நான் இன்வெர்ட்டருக்கு எதிரி அல்ல. ஒரு காற்றூதியின் வேகத்தை 80 விழுக்காட்டுக்குக் குறைத்தால் அது இழுக்கும் திறன் ஏறக்குறைய பாதியாகிறது. இதைவிட நல்ல சேமிப்பு எங்கே கிடைக்கும்? ஆற்றல் திறன், சேமிப்பு தொடர்பான 2024ஆம் ஆண்டுச் சட்டம் 2025 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்திருக்கிறது. பெரிய பயனீட்டாளர்கள் மின்சேமிப்பை இனித் தட்டிக் கழிக்க முடியாது. ஆலைகளில் இன்வெர்ட்டர்கள் இன்னும் பெருகும். சிலிகான் கார்பைடு சுவிட்சுகளின் விளிம்புகள் இன்றுள்ளவற்றைவிடவும் செங்குத்தானவை. சேமிப்பைக் கணக்குப் போடும் அட்டவணையில் இரைச்சலின் செலவையும் ஒரு வரியாகச் சேர்க்காவிட்டால், அந்தச் செலவை அங்கிள் போன்றவர்கள் தங்கள் பெயரால் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

நம் பல்கலைக்கழகத்துக்கும் இதில் பங்கு உண்டு. மூன்றாம் ஆண்டில் இன்வெர்ட்டரைக் கணினியில் வரைந்து ஓட்டினோம். அதில் சுவிட்சு உன்னதமானது. மோட்டார் என்பது சில மின்தடைகளும் மின்தூண்டிகளும். கூட்டுக்கும் சுருளுக்கும் இடையிலான மின்தேக்கி படத்திலேயே கிடையாது. கேபிளும் கிடையாது, ஒரு கோடுதான். அந்தப் படத்தில் இரைச்சல் பிறக்க இடமே இல்லை. நூற்றுக்கு எண்பத்தைந்து வாங்கிய நான் ஒரு கிளாண்டைக் கையில் எடுத்துப் பார்த்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். ஆய்வகத்தில் ஒரு மோட்டார், பத்து மீட்டர் கேபிள், ஒரு பழைய வானொலி போதும். அரை மணி நேரத்தில் முறுக்கிய வாலுக்கும் கவ்விக்கும் உள்ள வேறுபாட்டை எல்லா மாணவரும் காதால் கேட்டுவிடலாம். விரிவுரையாளரிடம் எழுத்து வடிவில் கேட்டிருக்கிறேன்.

பயிற்சியின் இறுதி வாரம் நிர்வாகியின் முன் படைப்பு நடத்தினேன். சுரண்டிய சாயம், முறுக்கிய வால், பையிலிருந்த திருகு என்று எல்லாப் படங்களையும் காட்டினேன். இதைக் கண்டுபிடித்தவர் யார் என்பதையும் சொன்னேன். நல்ல வேலை என்றார்கள். கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். அது மனிதவளப் பிரிவின் விஷயம் என்றார்கள்.

சென்ற மாதம் அங்கிள் எனக்குப் புலனத்தில் ஒரு படம் அனுப்பினார். ஐந்தாவது வரிசைக்கும் இன்வெர்ட்டர் வாங்கப் போகிறார்கள். விலைப்பட்டியலில் உலோகக் கிளாண்ட், கவ்வி, தனித் தட்டு ஆகிய மூன்று வரிகளையும் யாரோ சிவப்புப் பேனாவால் அடித்திருக்கிறார்கள். அடியில், "மலாயில ஒரு பக்கம் எழுதிக் குடும்மா, கணக்கோட" என்று எழுதியிருந்தார். திரும்பி வந்த பைகள், இரண்டு லோட் செல்கள், நின்றுபோன மணி நேரங்கள் எல்லாவற்றையும் கூட்டி, அடித்த மூன்று வரிகளின் விலைக்குப் பக்கத்தில் போட்டு அனுப்பியிருக்கிறேன். கூட்டம் அடுத்த வாரம். காரணம் கோரும் கடிதம் இன்னும் அவருடைய கோப்பில்தான் இருக்கிறது.